சாலமோனை மறித்த சாமி

கருங்குழிக்கும் படாளத்துக்கும் நடுவில் இருந்த அந்த ரயில்வே கேட் ஒருமுறை மூடினால் எப்போது திறக்கும் என்பது கேட்கீப்பருக்கே தெரியாது. 2003-இல் ஒருநாள், கேட்டில் பக்கத்தில் பக்கத்தில் நின்ற இரண்டு குடும்பங்கள் பேச்சுக் கொடுத்து, ஜாதகம் பார்த்து, கேட் திறப்பதற்குள் தாம்பூலம் மாற்றிக்கொண்டன.

மற்றவர்கள் குனிந்து நுழைந்து போய்விடுவார்கள். சாலமோனால் முடியாது. போலியோவில் கால் இரண்டும் போனவர். கையால் சுழற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டிதான் அவருக்குக் கால். வீடு தண்டவாளத்துக்குக் கிழக்கே. பிழைப்பான எஸ்.டி.டி. பூத் மேற்கே.

மனு மேல் மனு போட்டார். கனம் தாங்காமல் ஆபீஸ் மேசையின் கால் முறிந்த பிறகே பாலம் வந்தது. படியே இல்லாத பாலம். நடப்பவரும் சைக்கிளும் மூன்று சக்கர வண்டியும் மூச்சுவாங்காமல் ஏறும்படி, மடங்கி மடங்கி மேலே போகும் சாய்வுப் பாதை. பாலம் முடிந்த அன்றே கேட்டை எடுத்துவிட்டுச் சுவர் எழுப்பிவிட்டார்கள்.

மறுநாள் காலை சாலமோன் வண்டியை விட்டார். பாதையின் வாயிலில், நட்டநடுவில், ஒரு சிமெண்டுத் தூண்.

"இன்னாடா கலைவாணா இது?"

"மோட்டார் பைக் ஏறக்கூடாதுன்னு வெச்சது அண்ணாத்த," என்றான் மேஸ்திரி கலைவாணன். "அந்தாண்ட முனைக்கு சிமெண்டு பத்தல. இங்க மட்டும் வெச்சோம்."

அவன் பேசி முடிப்பதற்குள் ஒரு பைக், இரண்டு ஆளோடும் ஒரு ஆட்டோடும், தூணை உரசிக்கொண்டு மேலே ஏறிப் போயிற்று.

"அவன் போறான். ஆடு கூட போவுது. நான்தான் போவல. யாருக்குடா பாலம் கட்ன?"

"பேஜாரு பண்ணாத. ஆபீசருங்கள கேட்டுட்டு தூண எடுத்துர்றேன்."

ஆபீசிலிருந்து உத்தரவு வர மூன்று வாரம். அதற்குள் காரியம் கெட்டது. பூக்காரி ஆராயி, விற்காத சரத்தைத் தூணில் மாட்டி வைத்தாள். பூவைப் பார்த்து யாரோ மஞ்சள் பூசினார்கள். மஞ்சளைப் பார்த்து யாரோ குங்குமம் வைத்தார்கள். இரண்டாம் வெள்ளிக்கிழமை பொங்கல் வைத்தார்கள். மூன்றாம் வெள்ளிக்கு ஊரப்பாக்கத்திலிருந்து வேன் வந்தது.

உத்தரவோடு வந்த கலைவாணன் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். "சாமிய எவன் பேர்த்து எடுப்பான்? என் வூட்ல கொயந்தைங்க கீது."

பூத் பூட்டியே கிடந்தது. "நம்ம சர்ச்சாண்ட சொல்லிப் பாக்கலாமா?" என்றாள் மனைவி செங்கம்மாள்.

"அப்புறம் ரெண்டு சாமிக்கும் நடுவுல நான் மாட்டிக்குவேன். கம்முனு கெட."

அன்று முழுக்கத் தூணுக்கு எதிரே வண்டியை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் ஆராயியைக் கூப்பிட்டார்.

"யக்கா, ஒரு சந்தேகம். சாமி தலைக்கு மேல யார்னா செருப்போட நடப்பாங்களா?"

"கண்ணு அவிஞ்சிடும். இன்னாத்துக்குக் கேக்கற?"

சாலமோன் அண்ணாந்து பார்த்தார். ஆராயியும் பார்த்தாள். மடங்கித் திரும்பிய பாதை தூணின் உச்சந்தலைக்கு நேர் மேலே போய்க்கொண்டிருந்தது. சரக் சரக்கென்று செருப்புகள். மீன்கூடைக்காரி ஒருத்தி கடந்துபோக, கூடைத்தண்ணீர் ஒரு சொட்டு சாமியின் குங்குமத்தில் வந்து விழுந்தது.

ஆராயி போட்ட சத்தத்தில் செங்கல்பட்டு ஜங்ஷனில் ஒரு ரயில் புறப்படாமல் நின்றது. அரைமணியில் மேளம் வந்தது. உத்தரவுக்கு அசையாத தூணை ஊரே கூடிப் பெயர்த்து, வேப்பமரத்தடியில் கிழக்குப் பார்க்க நட்டது. முதல் கடப்பாரை கலைவாணனுடையது.

சாலமோன் ஏறினார். உச்சியில் நிறுத்தியபோது கீழே ஒரு பாசஞ்சர் ரயில் போயிற்று. நாற்பது வருஷமாகக் கேட்டில் நின்று அதன் சக்கரங்களை மட்டுமே பார்த்தவர், முதல்முறையாக முதுகைப் பார்த்தார்.

"அடச்சே, இம்மாம் அழுக்கா! ஒருத்தன்கூட தேச்சி வுடலியா?" என்று சொல்லிவிட்டு, பிரேக்கை விட்டு மேற்கே இறங்கினார்.