கரியாலூர் மெஷினுக்கு என்ன பழுது

1.

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறந்ததில்லை, மனுவாகப் பிறந்தது. கள்ளக்குறிச்சியில் ஓர் அலுவலக வாசலில் (எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள்) மனு எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. கரியாலூர் பெரியம்மாளுக்காக இதே விஷயத்தை இரண்டு முறை மனுவாக எழுதினேன். இரண்டும் திரும்பி வந்தன. கதையை யாரும் திருப்பி அனுப்ப முடியாது என்பதால் இப்போது கதை.

2.

தொடக்கம்: "பனி போர்த்திய கல்வராயன் மலையின் மடியில்..."

வேண்டாம். அன்று பனியே இல்லை. கோகிலவாணி ஏறி வந்த பேருந்தில் புழுக்கம்தான்.

கோகிலவாணி திருக்கோவிலூர்க்காரி, முப்பத்தொரு வயது. நிலநடுக்கத்தைக் கணினியில் பதிவு செய்யும் நிலையங்களைப் பழுது பார்க்கும் ஒப்பந்த ஊழியர். கரியாலூர் நிலையம் தினமும் மதியம் ஒன்று பத்துக்கு ஒரு நடுக்கத்தைப் பதிவு செய்துகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் இல்லை. ஞாயிறு லீவு எடுக்கும் நிலநடுக்கம் உலகத்தில் கிடையாது, ஆகவே மெஷினில்தான் கோளாறு என்று முடிவுகட்டி, மேலதிகாரி தெய்வசிகாமணி அவளை அனுப்பியிருந்தார்.

3.

நிலையம் என்றால் மரவள்ளித் தோட்டத்து ஓரத்தில் ஒற்றை அறை. உள்ளே பாறையோடு சேர்த்துக் கட்டிய மேடையில் அதிர்வை உணரும் கருவி. பக்கத்தில் கணினி, பேட்டரி. கூட்டிப் பெருக்கிச் சாவி வைத்திருப்பவர் பெரியம்மாள்.

கோகிலவாணி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பேட்டரி சரி. கேபிளை எலி கடிக்கவில்லை. கடிகாரம் செயற்கைக்கோள் நேரத்திலிருந்து இம்மியும் பிசகவில்லை. கருவியைக் கழற்றி, தான் கொண்டுவந்த வேறொன்றை வைத்தாள். [இங்கே மூன்று பக்கத்துக்குத் தொழில்நுட்பம் எழுதியிருந்தேன். எனக்கே புரியாததால் எடுத்துவிட்டேன்.]

"மேடம், மணி ஒன்னு ஆயிப் போச்சி. செவுத்தாண்ட நிக்காதீங்க," என்றார் பெரியம்மாள்.

"ஏன்க்கா?"

"வெடி வெப்பாங்க."

ஒன்று பத்துக்குத் தரை தூக்கிப் போட்டது. கோகிலவாணியின் தலையில் சுண்ணாம்பு உதிர்ந்தது. திரையில் கோடு எகிறி அடங்கியது. பழைய கருவி சொன்னதையே புதுக் கருவியும் சொன்னது.

"இன்னாக்கா இது?"

"கல்லு ஒடைக்கிறாங்க, அந்தாண்ட சரிவுல. எட்டு மாசமா ஒடைச்சிக்கினு கீறாங்க. ஞாயித்துக்கெழம ஆளுங்களுக்கு லீவு. எங்க வூட்டுச் செவுரு பொளந்துக்கினு நிக்குது. மருமவ கைக்கொழந்தைய வச்சிக்கினு வெளியதான் படுக்கறா. வந்து பாக்கறீங்களா?"

போய்ப் பார்த்தாள். விரிசலுக்குள் அவள் உள்ளங்கை நுழைந்தது.

4.

"சார், மெஷின் நல்லாத்தான் இருக்கு. பக்கத்துல குவாரியில வெடி வைக்கிறாங்க," என்று போனில் சொன்னாள்.

"அங்க குவாரியே கெடையாதும்மா. யாருக்கும் அனுமதி குடுக்கல," என்றார் தெய்வசிகாமணி.*

"என் தலையெல்லாம் சுண்ணாம்பு சார்."

"அனுமதி இல்லாம குவாரி எப்படி இருக்கும்? குவாரி இல்லாம வெடி ஏது? வெடி இல்லாம மெஷின் ஆடுனா அது மெஷின் கோளாறு. 'கருவி பழுது, பதிவுகள் செல்லாது'ன்னு போட்டு அனுப்பிடு. அடுத்த மாசம் உன் ஒப்பந்தம் வேற புதுப்பிக்கணும்."

அறிக்கைப் படிவத்தில் பதினான்கு வகைப் பழுதுகள் இருந்தன. ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் அடுத்த பக்கம் போக முடியாது. 'பழுது இல்லை' என்பது பட்டியலிலேயே இல்லை.

* என் இரண்டு மனுக்களும் இதே காரணத்தோடுதான் திரும்பின. தெய்வசிகாமணியை வில்லனாக்க ஆசைப்பட்டேன், முடியவில்லை. அவர் யாருக்கும் தொந்தரவு கொடுக்காத மனிதர். குவாரிக்காரர்களும் அந்த 'யாருக்கும்'-இல் அடக்கம்.

5.

இந்த இடத்தில் கோகிலவாணியை நான் சந்தேகித்தேன். ஒப்பந்த வேலை, அம்மாவுக்கு மருந்துச் செலவு. பயந்துவிட்டாள் என்று எழுதினால் நீங்களும் நம்புவீர்கள். எழுதியும் பார்த்தேன்: "கனத்த மனத்தோடு அவள் பதினான்கில் ஒன்றை..."

முடிக்கவில்லை. ஏனென்றால் அவள் அப்படிச் செய்யவில்லை.

படிவத்தை மூடிவிட்டுப் பெரியம்மாளோடு மலையிறங்கினாள். என் மேசைக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் எட்டு மாதப் பதிவையும் அச்செடுத்தாள். வெள்ளைத்தாளில், 'கருவி நல்ல நிலையில் உள்ளது. பதிவுகள் சரியானவை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ஒரு பிரதி அவள் அலுவலகத்துக்கு, ஒன்று பெரியம்மாளுக்கு.

"வேலைக்கு எதுனா ஆயிடப் போவுதும்மா," என்றார் பெரியம்மாள், கை நீட்டாமல்.

"பயமாத்தான் கீது. சீக்கிரம் வாங்கிக்கக்கா, மனசு மாறிடப் போவுது."

பெரியம்மாள் தாளை வாங்கி நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டதை என் மேசையிலிருந்து பார்த்தேன்.

6.

ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. கோகிலவாணி இப்போது திருக்கோவிலூரில் ஒரு கடையில் இன்வெர்ட்டர் பழுது பார்க்கிறாள். நிலையத்தை மணலூர்பேட்டைப் பக்கம் சமவெளிக்கு மாற்ற உத்தரவாகியிருக்கிறது. காரணம்: 'தற்போதைய இடத்தில் அதிர்வுகள் தொந்தரவாக உள்ளன.' இதை நான் கற்பனை செய்திருந்தால் மிகை என்று அடித்திருப்பேன்.

முடிவு அ: குவாரி மூடப்பட்டது. எழுதும்போதே சிரிப்பு வந்தது.

முடிவு ஆ: ஒரு மழை நாளில் அந்தச் சுவர்... மாட்டேன். அந்தக் குழந்தையை நான் தூக்கியிருக்கிறேன்.

வேறு முடிவு என்னிடம் இல்லை. இன்று திங்கட்கிழமை. கோகிலவாணியின் தாளை மூன்றாவது மனுவோடு சேர்த்துப் பின் குத்திக் கொடுத்தேன். பெரியம்மாள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். நான் வாசலோடு சரி. மேசைக்குப் பின்னால் இருப்பவர் யார் என்று நான் எழுதவில்லை, அந்த நாற்காலியைக் காலியாக விட்டிருக்கிறேன்.

நீங்கள் போய் உட்காருங்கள். காலையிலிருந்து பெரியம்மாள் நின்றுகொண்டே இருக்கிறார். முதலில் அவரை உட்காரச் சொல்லுங்கள்.