பச்சைப் பட்டை

அவசரப் பிரிவு வாசலில் நோயாளிகளின் கையில் நிறப் பட்டை கட்டும் நர்ஸுக்கு ஒரு கணக்கு உண்டு. கத்துகிறவனுக்கு மூச்சு இருக்கிறது, காத்திருக்கலாம். வாய்மூடிக் கிடப்பவனைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சிவப்புப் பட்டை என்றால் உடனே உள்ளே, பச்சை என்றால் பெஞ்சு. இத்தனை வருஷத்தில் அந்தக் கணக்கு அவளைக் கைவிட்டதில்லை. அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, இருக்காதா பின்னே?

அன்று காலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஊரைக் கூட்டியபடி வந்தவள் அவளுடைய சொந்தத் தங்கை. வீட்டில் அவளுக்குச் சைரன் என்று பெயர். எறும்பு கடித்தாலும் ஆம்புலன்ஸ் கேட்கிற ரகம்.

"அக்கா, உயிர் போகுதுக்கா!"

"போற உயிரு இவ்வளவு சத்தம் போடாதுடி. மானத்தை வாங்காம போய் உக்காரு."

வயிற்றில் கைகூட வைக்காமல் பச்சையைக் கட்டினாள். வேறு யாராவது என்றால் தொட்டாவது பார்த்திருப்பாள். தங்கையைத்தான் பிறந்ததிலிருந்து தெரியுமே!

கூட்டம் நெருக்கியது. பெஞ்சிலிருந்து வந்த அலறல் திடீரென்று நின்றது. அவளுடைய கணக்குப்படி அந்த நொடியே ஓடியிருக்க வேண்டும். 'அப்பாடா' என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

சற்று நேரத்தில் தங்கையே எழுந்து வந்தாள்.

"வலி விட்டுடுச்சுக்கா. சும்மா உன்னைத் தொந்தரவு பண்ணிட்டேன், கோச்சுக்காதே. வீட்டுக்குப் போறேன்."

"நான்தான் அப்பவே சொன்னேன்ல?" என்றபடி, பட்டையை வெட்ட அவள் கையைப் பிடித்தாள். கை சில்லென்று இருந்தது. கோச்சுக்காதேயா? இவளா சொல்கிறாள்? யாரிடமும் இறங்கிப் பேசாத வாயாயிற்றே! வயிற்றைத் தொட்டாள். பலகைபோல் இறுகிக் கிடந்தது. பச்சையை வெட்டி எறிந்து, சிவப்பைக் கட்டி, "டாக்டர்!" என்று அவள் போட்ட கூச்சலில் வாசலே திரும்பிப் பார்த்தது.

குடல்வால் வெடித்திருந்தது. வெடித்ததும் வலி கொஞ்ச நேரம் ஓயும் என்பது அவளுக்குத் தெரியாத விஷயமா? சீழ் பரவிவிட்டது, உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். கணக்கு பொய்க்கவில்லை. தங்கைக்கு மட்டும் வேறொரு கணக்கு வைத்திருந்தாள், பாவி.

தங்கை பிழைத்தாள். அக்காவுக்குத்தான் அதன்பிறகு பச்சையைக் கட்டக் கை வரவில்லை. சளி பிடித்தவருக்கும் சிவப்பைக் கட்டி, டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

வார்டில் தங்கையின் ஆபரேஷன் புண்ணுக்கு அவளே மருந்து வைத்தாள். தங்கையிடமிருந்து சத்தமே இல்லை. கட்டில் கம்பியைப் பிடித்த விரல்கள் மட்டும் வெளுத்திருந்தன.

"வலிக்குதாடி?"

"இல்லக்கா. பரவால்ல."

அக்காவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. "பொய் சொல்லாதே. வலிச்சா கத்துடி, தாயே. ஆஸ்பத்திரியே இடியட்டும், கத்து!"

தங்கை அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"கத்தினா பச்சைதானேக்கா கட்டுவே?"