பின்னால் சிறுத்த அலமாரி

தச்சர் போட்ட படத்தைப் பார்த்து மச்சினன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவன் கடைகளுக்கு போர்டு எழுதுகிறவன்.

"மச்சான், இது அலமாரியா, எருமையா? பின்னாடி போகப் போக உப்பிக்கிட்டே போகுதே!"

"அளவு சரிடா மாப்ள. ஸ்கேல் வச்சுப் போட்டது."

"அதான் வம்பே."

பட்டறையில் வேறு வேலை இல்லை. தையல்காரம்மா ஓர் அலமாரி கேட்டிருந்தார். மெஷின் அதற்குள்ளேயே மடங்கி அடங்க வேண்டும். தச்சர் வாயால் விளக்கியது அவருக்கு ஏறவில்லை. "படம் போட்டுக் காட்டுங்க, இல்லன்னா கம்ப்யூட்டர்ல காட்டுற கடைக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டார். நாளைக் காலை வருகிறார்.

அதற்காகத்தான் தச்சர் கோடும் பெட்டியுமாகப் போட்டுப் பழகிக்கொண்டிருந்தார். படம் போட ஒரே பலகைதான். மச்சினன் குறை சொன்னதும் படத்தை இழைத்துத் தள்ளிவிட்டு மறுபடி போடுவார். பலகை பாதியாக இளைத்துவிட்டது.

"பின்விளிம்பச் சின்னதாக்கு மச்சான். பக்கக் கோடெல்லாம் தூரத்துல ஒரே புள்ளில போய்ச் சேரணும்."

தச்சருக்குச் சுருக்கென்றது. "பின்பக்கம் சிறுத்தா அது அலமாரி இல்லடா, புனல். அப்படி ஒரு சாமான் இந்தக் கையால செஞ்சதே இல்ல."

"செய்யச் சொல்லலயே, வரையத்தான சொல்றேன்!"

ஓரமாக உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்த மனைவிக்குப் பொறுமை போய்விட்டது. "ஏங்க, பலகை கோணலான்னு ஒத்தக்கண்ண மூடிக்கிட்டுப் பாப்பீங்களே, அப்ப அந்தக் கடைசி எப்படித் தெரியுது?"

தச்சர் நீளப் பலகை ஒன்றைத் தூக்கி, ஒரு முனையைக் கன்னத்தோடு வைத்துப் பார்த்தார். மறுமுனை சிறுத்துப்போய்த் தெரிந்தது. திருப்பிப் போட்டுப் பார்த்தார். அப்போதும் சிறுத்தது. இவ்வளவு காலமும் கோணலை மட்டுமே தேடிய கண்ணில் இது படவே இல்லை.

"அடப் பாவி," என்றார் பலகையைப் பார்த்து.

அப்புறம் அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை. பெஞ்சு, ஜன்னல், மச்சினனின் பெயிண்ட் டப்பா என்று கண்ணில் பட்டதையெல்லாம் வரைந்து தள்ளினார். இருட்டுவதற்குள் அலமாரியும் படத்தில் சரியாக வந்துவிட்டது.

காலையில் தையல்காரம்மா பலகையை வாங்கிப் பார்த்தார். முகத்தைச் சுளித்தார். மச்சினன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

"இந்தக் கதவு என் பக்கமா திறக்குதே. உட்கார்ந்து தைக்கையில முட்டில இடிக்காதா?"

தச்சர் துள்ளிவிட்டார். "மாப்ள, கேட்டியா! அலமாரியத் திட்டுறாங்கடா, படத்த இல்ல!"

"குறை சொன்னதுக்கா இந்தக் குதி குதிக்கிறாரு?" என்று தையல்காரம்மா விழித்தார்.

"இன்னும் ரெண்டு சொல்லுங்கம்மா, அவருக்கு உடம்புக்கு நல்லது," என்றாள் மனைவி.

தையல்காரம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "கதவ மாத்திட்டு வேலைய ஆரம்பிங்க. ஆனா அந்த மேல்தட்டு எனக்கு எட்டாது, அதையும் சொல்லிடறேன்."

தச்சர் சிரித்துக்கொண்டே பென்சிலைச் சீவினார்.