அசோலினியின் கார்க் கதவு

அந்தக் கதவை நான் இரண்டு தடவை தட்டி நிமிர்த்தியிருக்கிறேன். முதல் தடவை வாயை மூடிக்கொண்டு தட்டினேன். இப்போது ஊரில் என்னைப் பற்றி நல்லவிதமாகப் பேசுகிறார்கள், ஏதோ பெரிய வீரன் என்று. கேட்கக் கூசுகிறது. அதனால் முதல் தடவையிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் நெல்லோ காவியோலி. மோதெனாவிலிருந்து மலைப்பக்கம் போகும் சாலையில் எங்கள் பட்டறை. நானும் வெர்த்தரும் கூட்டு. தகடு என் வேலை, பெயின்ட் அவன் வேலை. எழுபத்தொன்பதாம் வருடம் மார்ச் மாதம், ஃபவுஸ்தோ அசோலினி தன் காரைக் கொண்டுவந்து நிறுத்தினான். சஸ்ஸுவோலோவில் டைல்ஸ் சூளைகளுக்கு முதலாளி அவன். அரசாங்கம் ஏதோ பட்டம் கொடுத்திருந்ததால் எல்லோரும் அவனைக் கொமெந்தா என்று கூப்பிடுவோம்.

கார் எழுபத்து மூன்றில் எங்கள் ஊரிலேயே பிறந்தது. நீண்ட மூக்கு, இரண்டே இருக்கை, பன்னிரண்டு சிலிண்டர், கருநீலம். காலையில் இங்கே காபி குடித்துவிட்டு ரோமில் மதியச் சாப்பாட்டுக்குப் போய் உட்காரலாம், சட்டை கசங்காது. ஒவ்வொரு தகடும் கையால் அடித்தது. ஒரு காரின் கதவு அதே மாடல் இன்னொரு காரில் உட்காராது.

கெட்டிருந்தது பயணி பக்கத்துக் கதவு.

"மாடு முட்டிருச்சு, நெல்லோ" என்றான் அசோலினி.

மாடு முட்டினால் தகடு உள்ளே போகும். இது வெளியே புடைத்திருந்தது. அவன் போனதும் கதவின் உள்பக்கத் தோலைக் கழற்றினேன். தோல் கிழிந்திருந்தது, கைப்பிடி பிய்ந்து தொங்கியது. அலுமினியத்தில் ஏழு குழிகள், பெண்கள் போடும் செருப்பின் குதிகால் அளவில். முதல் மூன்று மேலோட்டமானவை. மீதியில் முழு பலமும் இறங்கியிருந்தது. யாரோ அந்த இருக்கையில் மல்லாந்து, முழங்காலை மடக்கி, கதவைத் திறந்தே ஆக வேண்டும் என்று உதைத்திருக்கிறாள்.

யாரோ என்ன யாரோ. அவன் மனைவி நோர்மாதான். இருபத்தெட்டு வயது. ஒருமுறை பட்டறைக்கு ஒரு கூடை செர்ரிப் பழம் கொண்டுவந்து கொடுத்து, எங்களோடு நின்று கொட்டை துப்பிக்கொண்டிருந்தவள்.

வெர்த்தரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் பார்த்தான், சிகரெட்டைக் காலில் போட்டு மிதித்தான்.

"மாடுன்னா மாடு. நீ தட்டு."

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. ஒடுக்கு எப்படி விழுந்தது என்று கேட்கமாட்டோம். இந்த மாதிரிக் கார் வைத்திருப்பவன் எங்கே போனான், யாரோடு போனான் என்று கேட்கிற பட்டறைக்கு அடுத்த கார் வராது. எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. இரண்டு நாள் உட்கார்ந்து தட்டினேன். பின்னால் இரும்புக் கட்டையைப் பிடித்து, முன்னால் சுத்தியலால் ஒவ்வொரு உதையாக அழித்தேன். நன்றாகச் செய்தேன், அதுதான் வயிற்றெரிச்சல்.

ஜூன் மாதம் செக்கியா ஆற்றில் நோர்மாவின் உடலை எடுத்தார்கள். பாலத்தில் காரை நிறுத்தச் சொல்லி, இறங்கிப் போய்க் குதித்துவிட்டாள் என்று அசோலினி சொன்னான். நரம்புக் கோளாறு என்று ஒரு டாக்டர் எழுதிக்கொடுத்தார். தேவாலயத்தில் அவன் அழுதான். நான் நான்காவது வரிசையில் இருந்தேன். மூடிய பெட்டியைப் பார்த்தபடி இருந்தேன், எழுந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த வருடமே அவன் காரை ஒரு ஜெர்மன்காரனுக்கு விற்றுவிட்டான். பிறகு வாங்கிய கார்களையும் எங்களிடமே விட்டான்.

முப்பது வருடம் கழித்து அதே காரை ஸ்டுட்கார்ட் பக்கத்தில் ஒரு கொட்டகையில் தேடிப் பிடித்துத் திரும்ப வாங்கினான். துருப்பிடித்த எலும்புக்கூடாக வந்தது. இரண்டு வருடம் நாங்கள் அதற்கு உயிர் கொடுத்தோம். கோமோ ஏரிக்கரையில் நடக்கும் பழைய கார்ப் போட்டியில் பரிசு வாங்க வேண்டும் என்பது அவன் ஆசை. பரிசென்றால் ஒவ்வொரு தகடும் பிறந்தபோது இருந்த தகடாக இருக்க வேண்டும்.

"கொமெந்தா, இந்தக் கதவுக்கு மட்டும் புதுத் தகடு அடிச்சிடறேன்" என்றேன்.

"பைத்தியமா உனக்கு? அதே கதவுதான் வேணும்."

அந்தக் கதவை மறுபடியும் மடியில் போட்டுக்கொண்டு தட்டினேன். உள்பக்கம் நான் அன்று பிடித்த இரும்புக் கட்டையின் தடங்கள் வரிசையாக இருந்தன.

காரை எடுத்துப்போக ஒரு சனிக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் வந்தான். எழுபத்தொரு வயது, ஆனால் கழுத்து மாடு மாதிரி. கூடவே இரண்டாவது மனைவி ஓர்நெல்லா, நாற்பத்து நான்கு வயதுக்காரி. மே மாத வெயிலில் முழுக்கைச் சட்டை. இரண்டு வருடமாக எந்த மாதமும் அவள் முழுக்கைதான். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

வெர்த்தர் போர்வையை உருவினான். கருநீலம் கண்ணைக் கூசவைத்தது. ஓர்நெல்லா ஆசையாகப் போய்ப் பயணி பக்கத்துக் கதவைத் திறந்தாள். அவள் வளையல் கைப்பிடிக்குக் கீழே உரசியது. நகத்தளவு கீறல், பத்து நிமிடத்தில் தேய்த்து எடுத்துவிடலாம்.

அசோலினி கீறலைப் பார்த்தான். அவள் விரல்கள் கதவுச் சட்டத்தில் இருந்தன. கதவைத் தன் முழு உடம்பையும் கொடுத்து அறைந்து சாத்தினான்.

எலும்பு முறிகிற சத்தம் எங்களுக்குக் கேட்டது. அவளிடமிருந்து சத்தமே வரவில்லை. வலியில் கத்தாமல் இருக்கப் பழகியிருந்தாள்.

கதவைத் திறந்தான். அவள் கையைப் பார்க்கவில்லை, குனிந்து பெயின்ட்டைப் பார்த்தான். ரத்தத்தைக் கைக்குட்டையால் கதவிலிருந்து துடைத்தான். பிறகு நிமிர்ந்து அவளை அறைந்தான். அவள் தலை காரின் கூரையில் மோதியது. தலைமுடியைப் பிடித்து இருக்கைக்குள் திணித்தான்.

"மிச்சத்தை வழியில வச்சுக்கலாம்" என்றான், கதவைப் பூட்டிக்கொண்டே.

வெர்த்தர் என் முழங்கையைப் பிடித்தான்.

"புருஷன் பெண்டாட்டி விவகாரம், நெல்லோ. விட்டுடு."

மாடுன்னா மாடு என்றானே, அதே குரல். சஸ்ஸுவோலோவுக்குப் போகிற வழியில் அதே பாலம் இருக்கிறது. இவளையும் ஆற்றிலிருந்து எடுப்பார்கள், நான் நான்காவது வரிசையில் போய் உட்காருவேன். கையை உதறிவிட்டு, பலகையிலிருந்து சுத்தியலை எடுத்துக்கொண்டு வாசலை மறித்து நின்றேன்.

பன்னிரண்டு சிலிண்டரும் உறுமின.

"தள்ளிப்போடா கிழவா" என்றான் கண்ணாடியை இறக்கி.

"அவங்களை இறக்கிவிடுங்க கொமெந்தா. அப்புறம் போங்க."

"உன்னை ஏத்திட்டுப் போறேன் பாரு."

ஏற்றினான். பம்பர் என் முழங்காலில் அடித்தது, காரின் மூக்கின் மேல் விழுந்தேன். நானே மெருகேற்றிய தகடு, பிடிப்புக்கு ஒன்றுமில்லை. கையிலிருந்த சுத்தியலை முன்கண்ணாடியில் இறக்கினேன். கண்ணாடி முழுக்க வெண்மையாக விரிசல் விட்டது. வழி தெரியாமல் அவன் ஸ்டியரிங்கைத் திருப்ப, கார் வாசல் தூணில் மோதி நின்றது. இரண்டு வருட வேலை அந்தத் தூணில் அப்பளமாக நொறுங்கியது. நான் கீழே கிடந்தேன்.

அசோலினி நெற்றியில் ரத்தத்தோடு இறங்கினான். சுவரோரம் கிடந்த இரும்புக் கம்பியை எடுத்து என்னை அடித்தான். காறை எலும்பு முறிந்தது. இரண்டாவது அடி முதுகில். மூன்றாவதுக்கு ஓங்கும்போது இடது கையால் சுத்தியலைச் சுழற்றி அவன் முழங்கையில் போட்டேன். கம்பி விழுந்தது. அவனும் உட்கார்ந்தான். நான் நிறுத்தவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அவன் கால் பாதத்தில் ஒன்று போட்டேன், தாடையில் ஒன்று போட்டேன். பல்லோடு ரத்தத்தைத் துப்பினான். தலைக்கு ஓங்கினபோது வெர்த்தர் என் மேல் விழுந்து சுத்தியலைப் பிடுங்கினான்.

"போதும்டா. நீ ஜெயிலுக்குப் போயிட்டா சாட்சி சொல்ல யாரு?" என்றான். அவன் அழுதுகொண்டிருந்தான்.

பிறகு அவனே போய்க் காரின் பூட்டை உடைத்து ஓர்நெல்லாவைத் தூக்கி இறக்கினான்.

மருத்துவமனையில் எனக்குத் தோளோடு கட்டுப் போட்டார்கள். ஓர்நெல்லாவுக்கு மூன்று விரல் முறிந்திருந்தது. எதிர் பெஞ்சில் கட்டோடு உட்கார்ந்திருந்தாள். போலீஸ்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு எழுதிக்கொண்டிருந்தார். இன்றைக்கு நடந்ததைச் சொன்னேன். நிறுத்தாமல் எழுபத்தொன்பதையும் சொன்னேன். ஏழு குழிகள், பிய்ந்த கைப்பிடி, நான் தட்டி அழித்தது, தேவாலயம், எல்லாம்.

ஓர்நெல்லா நிமிர்ந்தாள்.

"உங்களுக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியும் சிஞ்ஞோரா."

"கல்யாணத்துக்கு முன்னாடி நான் உங்க பட்டறைக்கு வந்தேன். ஞாபகம் இருக்கா?"

இல்லை. எங்கள் ஊரில் மாப்பிள்ளையைப் பற்றிப் பாதிரியாரிடம் விசாரிப்பதைவிட, அவன் கார் விடுகிற பட்டறையில் விசாரிப்பார்கள். காரை வைத்திருக்கிற அழகில் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம் என்று எங்களுக்கு ஒரு நினைப்பு. வருடத்துக்கு நாலு பேராவது வந்து கேட்பார்கள்.

"மொதப் பெண்டாட்டி எப்படிச் செத்தாங்கன்னு கேட்டேன். பாவம், நரம்புக் கோளாறுன்னு சொன்னீங்க. ஆளு எப்படின்னு கேட்டேன். தங்கமான மனுஷன், காரை அவ்ளோ பத்திரமா வச்சுக்குவார்னு சொன்னீங்க." அவள் குரல் உயரவே இல்லை. "வேற யாரு சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். கார்த் தகடு தட்டுறவர் பொய் சொல்ல மாட்டார்னு அப்பா சொன்னார். பதினோரு வருஷம், நெல்லோ."

நான் சொல்லியிருப்பேன். அப்படித்தான் எல்லோரிடமும் சொல்வேன்.

எழுந்து வந்தாள். கட்டில்லாத இடது கையால் என் கன்னத்தில் அறைந்தாள். போலீஸ்காரர் பேனாவைப் போட்டுவிட்டு அவளைப் பிடிக்க எழுந்தார்.

"விடுங்க" என்றேன்.

அவள் மறுபடியும் அடித்தாள்.