சைத்தூன் பீவி பதில் சொல்லும் இடம்

சைத்தூன் பீவியின் கணவர் உடலைச் சுமந்த சந்தூக் தெருமுனை திரும்பியதும் கலிமா ஓதும் சத்தம் தேய்ந்தது. வாசல் வரை வந்த பெண்கள் உள்ளே திரும்பினார்கள். சைத்தூன் பீவி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அறைக்குள் போய், "அத்தா கேசட்ட போடு சுமையா" என்றாள்.

சுமையாவின் அத்தா அப்துல் ஜலீல் சவூதியில் தமாமில் லாரி ஓட்டிய காலத்தில் கடிதம் எழுதமாட்டார். கேசட்டில் பேசி, ஊருக்கு வருகிற யார் பெட்டியிலாவது போட்டு மன்னார்குடிக்கு அனுப்புவார். போன வருஷம் சுமையாதான் அத்தனையையும் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். பூசணம் பிடித்துக் கிடந்த அத்தனை கேசட்டையும் தூக்கிக் குப்பையிலும் போட்டாள். எதையும் துப்புரவாக்காமல் விட்டால் அவளுக்குத் தூக்கம் வராது.

அத்தாவின் குரல் வந்தது. "சைத்தூன், நல்லா இருக்கியா? புள்ளைங்க படிக்குதா? நடவு ஆச்சா?"

அம்மா வாயைத் திறந்து திறந்து மூடினாள். பிறகு முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"இது அவங்க இல்லடி. அவங்க கேட்டுட்டு நிறுத்துவாங்க. நான் பதில் சொல்லணும்ல?"

சுமையா ஒலியை நிறுத்தினாள். ஒவ்வொரு கேள்விக்குப் பின்னும் வெறும் இரைச்சல்தானே ஓடுகிறது என்று அந்த இடைவெளிகளை வெட்டியது அவள்தான். சின்ன வயதில், அடுப்படியில் டேப் ரெக்கார்டர் பக்கத்தில் அம்மா முணுமுணுப்பதைப் பார்த்திருக்கிறாள். தனக்குத்தானே பேசுகிறாள் என்று நினைத்துச் சிரித்திருக்கிறாள்.

ஷார்ஜாவில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் அண்ணன் ஃபாஜிலுக்கு போன் போட்டாள். டிக்கெட் கிடைக்காமல் அவன் விமான நிலையத்தில் உட்கார்ந்திருந்தான்.

"அண்ணே, அத்தா பேசுனத நான் கெடுத்துட்டேன்."

முழுவதையும் கேட்டுக்கொண்டான்.

"எப்ப வெட்டுன?"

"போன நோன்புக்கு முன்னாடி."

"அந்தக் கம்ப்யூட்டர் டிஸ்க்ல மாசத்துக்கு ஒரு ஸ்னாப்ஷாட் எடுக்க வெச்சிருக்கேன். அன்னைக்கு என்னென்ன இருந்துச்சோ அப்படியே புடிச்சு வெச்சிக்கும். ஆனா ஒரு வருஷத்துக்குத்தான். புதுசு வந்தா பழசு தானா போயிடும். இன்னைக்கு ராத்திரி புதுசு வந்துடும், சீக்கிரம் பாரு."

திரையில் வந்த பட்டியலின் கடைசியில் இருந்த ஸ்னாப்ஷாட் அவள் வெட்டுவதற்கு முந்தையது. அதன் பக்கத்திலேயே 'ரீஸ்டோர்' என்றிருந்தது. மவுஸ் அங்கே போனது.

"ரீஸ்டோர் குடுக்கவா?"

"வேணாம், வேணாம்! முழு டிஸ்க்கும் போன வருஷத்துக்குப் போயிடும். அதுக்கப்புறம் வெச்சது ஒன்னும் இருக்காது."

அதற்கப்புறம்தான் சுமையாவுக்கு மகள் பிறந்தாள். அத்தா அந்தக் குழந்தையை மடியில் வைத்துக் கொஞ்சும் படங்களெல்லாம் அதில்தான் இருந்தன. வெடுக்கென்று கையை எடுத்தாள்.

"பழசத் தொற. கேசட் ஃபோல்டர மட்டும் காப்பி பண்ணி வெளிய வை. மத்ததெல்லாம் இப்ப இருக்குற மாதிரியே இருக்கட்டும்."

வைத்தாள். போனை அணைக்காமல் மேசைமேல் வைத்துவிட்டு அத்தா குரலை ஓடவிட்டாள்.

"சைத்தூன், நல்லா இருக்கியா?"

இரைச்சல் ஓடியது.

"இருக்கேங்க" என்றாள் அம்மா.

"புள்ளைங்க படிக்குதா?"

"படிச்சு முடிச்சிட்டாங்க."

"நடவு ஆச்சா?"

"ஆச்சுங்க. தண்ணிதான் பத்தல."

"நான் இல்லாம சமாளிச்சுக்குறியா?"

அம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். இரைச்சல் ஓடிக்கொண்டே இருந்தது. போனில் ஃபாஜில் மூக்கை உறிஞ்சினான்.

"சரி, சரி. அழுவாத" என்றார் அத்தா.

அடக்கம் முடித்து வந்தவர்கள் வாசலில் கால் கழுவும் சத்தம் கேட்டது. சுமையா எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினாள்.