சகலைக்குக் கொடுத்த கை

மனிதனை விலங்கிலிருந்து உயர்த்தியது அவன் கை. நாகரிகம் முழுவதும் அதன் படைப்பு. அப்பேர்ப்பட்ட கைகளுள் ஒன்று, மூன்று வாரமாகச் சட்டைப் பொத்தான்கூடப் போட வக்கில்லாமல் தலையணைமேல் கிடந்தது.

அது கண்ணாடிக்கடை மாஸ்டரின் வலது கை. கண்ணாடி நழுவி உள்ளங்கையைக் கிழித்ததில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மடக்கும் தசைநாண்கள் அறுந்துபோயின. டாக்டரம்மா அவற்றைத் தைத்து, பிளாஸ்டிக் பட்டை மாட்டி, “ஆறு வாரத்துக்கு எதையும் இறுக்கிப் பிடிக்கக் கூடாது. இடது கையால மெதுவா மடக்கி விடுங்க, போதும்” என்றிருந்தார். ஆள்காட்டி விரல் மடங்காவிட்டால் கண்ணாடி வெட்ட முடியாது.

ஞாயிற்றுக்கிழமை சகலை வந்தார். உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்து பதினொரு நாள் ஆகியிருந்ததால் உடம்பைப் பற்றி அவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை.

“என்ன சகலை, இன்னும் பொம்மைக் கையோடவா?”

“டாக்டரம்மா சொல்லியிருக்காங்க.”

“சொல்லத்தான் சொல்வாங்க. ஆம்பளைக் கைக்கு வேலை குடுத்தாத்தான் தேறும்.”

சகலையின் மனைவி களுக்கென்று சிரித்தாள். மாஸ்டரின் மனைவி காபி போடப் போயிருந்தாள். மாஸ்டர் பட்டையைக் கழற்றினார்.

“கையக் குடுங்க சகலை, பார்ப்போம்.”

மாஸ்டர் இறுக்கினார். “ஐயோ, விடுங்க!” என்று சகலை அலறிய அதே நொடியில் மாஸ்டரின் உள்ளங்கைக்குள் ஏதோ பட்டென்று விட்டது. மாஸ்டர் சிரித்தபடியே பட்டையை மாட்டிக்கொண்டார்.

பத்து நாள் மறைத்தார். “நானே மடக்கிக்கறேன், நீ போ” என்று மனைவியை விரட்டினார். பதினோராம் நாள் அவள் பட்டையைக் கழற்றிப் பார்த்தாள். “மடக்குங்க” என்றாள். இரண்டு விரல்களும் நேராகவே நின்றன.

“என்னங்க இது?”

அன்றே அவரை டாக்டரம்மாவிடம் இழுத்துப்போனாள்.

டாக்டரம்மா திட்டவில்லை, அதுதான் பயமாக இருந்தது. “அறுந்த அன்னைக்கே வந்திருந்தா திரும்பத் தைச்சிருப்பேன். இப்ப முனை ரெண்டும் சுருங்கிப் போச்சு. வேற இடத்துலேர்ந்து எடுத்து வைக்கணும், ரெண்டு ஆபரேஷன். அப்பவும் பழைய விரலா வருமான்னு சொல்ல முடியாது.”

வெளியே, கையில் அதே மாதிரி பட்டையோடு ஒருவர் காத்திருந்தார். கேட்காமலே மாஸ்டர் அவரிடம் சொன்னார்: “அண்ணே, தைக்கிறதுதான் டாக்டர் வேலை. ஒட்டுற வரைக்கும் காப்பாத்துறது நம்ம வேலை. யார் உசுப்பினாலும் பட்டையைக் கழட்டாதீங்க. உள்ள ஏதாச்சும் விட்ட மாதிரி இருந்தா அன்னைக்கே ஓடி வாங்க. கௌரவம் பார்த்து மறைச்சேன், விரல் போச்சு.”

சகலை அன்று அலறியது மாஸ்டரின் பிடி வலுவால் அல்ல. சகலைக்குக் கட்டைவிரலில் நகச்சுத்தி.