நீல நூல் வைத்த காயில்

எனக்கு வாய் அதிகம். அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்த்த கம்பெனி வாட்ச்மேனைக் கேட்டாலும் சொல்வார். அப்படிப்பட்டவள் அந்தக் கிட்டார் விஷயத்தில் மட்டும் ஒரு வாரம் முழுக்க மூச்சு விடாமல் இருந்தேன்.

என் வீட்டுக்காரர் ராஜசேகரன் பிரஸ் மெஷின் ஆபரேட்டர். முகூர்த்த நாளில் கோவிந்தராஜின் மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசிப்பார். மூர் மார்க்கெட்டில் கிடைத்த மட்டமான எலெக்ட்ரிக் கிட்டார். சிவப்புப் பெயிண்டைத் தவிர அதில் சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. கம்பிகள் பலகையை விட்டு அவ்வளவு உயரத்தில் நிற்கும், அழுத்துவதற்கே தனித் தெம்பு வேண்டும். அவருக்கு அந்தத் தெம்பு இருந்தது. கல்யாண வீட்டில் அவர் மேடையேறினால் நான் முதல் வரிசையில் இடம் பிடித்து, பக்கத்தில் இருப்பவளிடம், "அதோ செவப்பு கிட்டார் வெச்சிகினு கீறாரே, எங்கூட்டுக்காரரு" என்று ஆரம்பித்தால் கச்சேரி முடிந்துதான் நிறுத்துவேன்.

எழுபத்து மூன்று ஆடி மாதம் அவருடைய இடது கை பிரஸ்ஸில் மாட்டிக்கொண்டது. விரல் போகவில்லை. இரண்டு விரல் நசுங்கியது. கட்டுப் போட்டதில் எலும்பு கூடியது, தெம்பு கூடவில்லை. பொங்கல் கழித்து ஒருநாள் கிட்டாரை எடுத்து மடியில் வைத்து ஒரு கம்பியை அழுத்தினார். 'டப்' என்று செத்த சத்தம் வந்தது. நாலு தடவை பார்த்துவிட்டு, உறையில் போட்டுப் பரண்மேல் வைத்துவிட்டார்.

"வர்ற நாயித்துக்கெழம கோவிந்தராஜ் வந்து எடுத்துகினு போவான். சொல்லிட்டேன்."

"யார கேட்டு சொன்னே?"

"என்னுது, நான் சொன்னேன். நீ அதுல கை வெக்காத."

குளிக்கும்போதுகூடப் பாடுகிற மனுஷன் அவர். இப்போது சத்தமே இல்லாமல் குளித்துவிட்டு வந்தார். கேட்டால் பதில், கேட்காவிட்டால் அதுவும் கிடையாது. கிட்டாரும் வீட்டை விட்டுப் போய்விட்டால் இவர் இப்படியே இருந்துவிடுவார் என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. கை வைக்காதே என்றால் கேட்கிற ஆளா நான்?

திங்கட்கிழமை நான் லீவு போட்டேன். அவர் ஷிப்டுக்குப் போனதும், உறைக்குள் இரண்டு தலையணையைத் திணித்துப் பரணில் பழையபடி வைத்தேன். கிட்டாரைப் பழைய புடவையில் சுற்றிக்கொண்டு கள்ளிக்குப்பத்திலிருந்து இரண்டு பஸ் மாறிக் கரையான்சாவடியில் இறங்கினேன். பஸ்ஸில் ஒரு கிழவர், குழந்தைக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

தஸ்தகீர் பாய் அங்கே மைக்செட் கடை வைத்திருந்தார். ரேடியோவும் ரிப்பேர் செய்வார். குழுவுக்கு மைக் கட்டுவது அவர்தான், என் வீட்டுக்காரருக்குப் பழைய சிநேகிதர். கிட்டாரைத் தூக்கி ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பார்த்தார்.

"தங்கச்சி, மச்சான் கைல பாதி கோளாறுன்னா, இதுல பாதி கோளாறு. கம்பிய தாங்குற கட்டை ரெண்டுமே ஒசரம். மேல எலும்புலயும் கீழ பித்தளையிலயும் அளவா அராவி போட்டுடறேன். முறுக்காணியும் நழுவுது, மாத்திடலாம். மெல்லிசு கம்பியா போட்டா, பூவ தொடற மாரி தொட்டா போதும்."

"அப்போ வாசிப்பாரா?"

"வாசிப்பான். ஆனா மெல்லிசு கம்பிக்கு சத்தம் கம்மி. கம்பிக்கு அடில சத்தத்த புடிக்கிற ஒயர் காயில் கீதே, அது நல்லதா வேணும். அதான் எங்கயும் கெடைக்காது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆறு வருஷமாக நான் சம்பளம் வாங்குவதே காயில் சுற்றித்தான், சின்னச் சின்ன டிரான்ஸ்பார்மர்களுக்கு.

"எவ்ளோ சுத்தணும் பாய்?"

"பாபின் ரொம்புற வரைக்கும் சுத்து" என்று பழைய காயிலின் ஒயரைப் பிரித்துவிட்டு, அது சுற்றியிருந்த வெறும் பாபினைக் கையில் கொடுத்தார்.

மறுநாள் சூப்பர்வைசர் வனஜாவிடம் கேட்டு, மிச்சமாகக் கிடந்த தலைமுடி மாதிரி ஒயரை வாங்கிக்கொண்டு, மூன்று நாள் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து சுற்றினேன். கை தன்பாட்டுக்கு ஓடியது. கடைசியில் நீல நூல் ஒன்றை வைத்து டேப் ஒட்டினேன். எங்கள் செக்‌ஷனில் ஆளுக்கொரு கலர் நூல் உண்டு. காயில் ரிஜெக்ட் ஆனால், நூலைப் பார்த்து நேராக நம்மிடம் வந்து கத்துவார்கள். ஆறு வருஷத்தில் நீல நூல் ஐந்து தடவைதான் திரும்பி வந்திருக்கிறது. சனிக்கிழமை வேலை விட்டதும் காயிலைக் கொண்டுபோய்ப் பாயிடம் கொடுத்தேன்; மாட்டத்தான் அவருக்கு நேரம் இருந்தது, வாசித்துப் பார்க்க இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தஸ்தகீர் பாய் கிட்டாரோடு வந்து நின்றார். என் வீட்டுக்காரர் பரணைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கை வெக்காதன்னு சொன்னனா இல்லியா?"

"மச்சான், அப்பால கத்து. ஒரு தபா அமுக்கிப் பாரு" என்று பாய் ஒயரை எங்கள் ரேடியோவின் பின்பக்கம் சொருகினார்.

வேண்டாவெறுப்பாகத்தான் வாங்கினார். நசுங்கிய விரலால் தொட்டார். கம்பி சாகவில்லை. சுத்தமாகப் பேசியது. இன்னொரு கம்பி, அதுவும் பேசியது. ஆனால் என்ன சத்தம் அது, பக்கத்து அறையில் யாரோ முனகுகிற மாதிரி. பாய் ரேடியோ குமிழைக் கடைசி வரை திருகினார். அப்போதும் அவ்வளவுதான்.

பாய் முகம் சுருங்கிவிட்டது. ஸ்க்ரூவைக் கழற்றிக் காயிலை வெளியே எடுத்து டேப்பைப் பிரித்தார். "இன்னா இது, பேப்பரு? ஒவ்வொரு அடுக்குக்கும் பேப்பரா? பேப்பரே பாதி எடத்த முழுங்கிட்ச்சே."

டிரான்ஸ்பார்மர் என்றால் அடுக்குக்கு ஒரு பேப்பர் வைத்தே ஆகவேண்டும். ஆறு வருஷப் பழக்கம். இது டிரான்ஸ்பார்மர் இல்லை என்று என் கைக்கு யார் சொல்வது? பாபின் நிறைந்திருந்தது, ஒயர் பாதிகூட ஏறவில்லை.

என் வீட்டுக்காரர் காயிலை வாங்கி, நகத்தால் நூல் நுனியை இழுத்துப் பார்த்தார். "நீலம்" என்றார். "நீயா சுத்துனே?"

"ஆமா. தப்பா சுத்திட்டேன். குடு, வேற சுத்தியாறேன்."

கொடுக்கவில்லை. "பாய், இதயே மாட்டு."

"ஸ்டேஜுக்கு உதவாது மச்சான்."

"பரவால்ல, மாட்டு."

பாய் டேப்பை ஒட்டி மாட்டினார். என் வீட்டுக்காரர் சுவரில் சாய்ந்து வாசிக்க ஆரம்பித்தார். மாலை மாற்றும்போது வாசிக்கிற மெதுவான மெட்டு. "பாத்தியா பாய், அந்த வெரலு" என்று ஆரம்பித்தேன். என் பேச்சில் அவர் சத்தம் காணாமல் போனது. நிறுத்தினேன், திரும்ப வந்தது. அதற்கப்புறம் நான் வாயைத் திறக்கவில்லை. நடுவில் இரண்டு இடத்தில் விரல் வழுக்கியது, அங்கேயே நின்று திரும்பப் பிடித்துக்கொண்டு போனார். எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. துடைக்கவும் இல்லை, வளையல் சத்தம் கேட்குமே.

நாலு மணிக்குக் கோவிந்தராஜ் வந்தார். வாசலிலேயே நின்று கேட்டுவிட்டு, "இன்னாப்பா, எடுத்துகினு போலாம்னு வந்தா வாசிச்சிகினு கீறே?" என்றார்.

"கிட்டார் இங்கயே இருக்கட்டும்பா. ஸ்டேஜுக்கு வேற ஆள் பாத்துக்கோ."

கோவிந்தராஜும் பாயும் சேர்ந்தே கிளம்பிப் போனார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. "நாளைக்கே பேப்பர் வெக்காம சுத்தி எடுத்தாறேன்யா. சத்தம் நல்லா வரும். நீயும் ஸ்டேஜுக்கு போலாம்."

"வேணாம் நாகு" என்றார். "ஸ்டேஜ்லேந்து பாப்பேன். நான் வாசிக்கிறப்போல்லாம் நீ பக்கத்துல கீறவகிட்ட பேசிகினே இருப்பே. ஒரு நாளும் கேட்டதில்ல. இன்னிக்கிதான் கேட்டே."

சொல்லிவிட்டு எட்டி, ரேடியோ குமிழை இன்னும் கொஞ்சம் குறைத்தார். நான் வளையலைக் கழற்றி வைத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.